பழைய கூடைப்பந்தில் எடைப்பந்து: என் அனுபவம்

காற்று நிற்காத பழைய கூடைப்பந்தில் மணலை நிரப்பி, உடற்பயிற்சியில் தூக்கும் கனமான பந்தான எடைப்பந்து செய்தேன். வெறும் பந்து சுமார் 600 கிராம்தான். உள்ளே 7 லிட்டர் இடம் இருக்கிறது. முழுக்க மணல் போட்டால் 11 கிலோவைத் தாண்டிவிடும், எனக்கு அது அதிகம். பந்தில் ஒரு கீறல் போட்டு, 4 கிலோ மட்டும் நிரப்பி, கீறலை ஒட்டினேன். தூக்கியதும் மணல் ஒரு பக்கம் சரிந்து மணிக்கட்டை இழுத்தது. மூன்றாம் நாள் ஒட்டும் பிரிந்து, தரையெல்லாம் மணல்.

எல்லாவற்றையும் கொட்டினேன். சலித்த மணலை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். எடை அதிகம் கூடாமல் உள்ளிடம் நிரம்ப அதோடு மரத்தூளைக் கலந்து, இரண்டு விரல் அகலக் கீறல் வழியே புனலால் ஊற்றி, கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி இறுக்கினேன். இடைவெளி இல்லாவிட்டால்தான் எடை நகராது. மொத்தம் 5 கிலோ.

ஒட்டு பிரிந்ததற்குக் காரணம் தூசி. இம்முறை கீறலைச் சுற்றி உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்தேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சைக்கிள் டியூப் துண்டை அழுத்தி, ஓர் இரவு கனத்தின் கீழ் வைத்தேன்.

நான்கு மாதமாகப் பிடித்து நிற்கிறது. தரையில் மட்டும் ஓங்கி அடிப்பதில்லை.