புரோட்டீன் டப்பாவில் தொடங்காதீர்கள்: விளையாட்டு உணவியல் படிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இரண்டு மூன்று பிள்ளைகளாவது என்னைத் தேடி வருவார்கள். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள். உணவியல் படித்துவிட்டு, வடசென்னையில் கால்பந்து, குத்துச்சண்டை, பளுதூக்குதல் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் வேலை செய்கிறேன். "அக்கா, ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷன் படிக்கணும், இந்த கோர்ஸ்ல சேரலாமா?" என்று போனை நீட்டுவார்கள். அதில் ஒரு விளம்பரம் இருக்கும். மூன்று மாதத்தில் சான்றிதழ், வீட்டிலிருந்தே படிக்கலாம், முடித்த உடனே சம்பாதிக்கலாம்.

முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சான்றிதழ்கள் எல்லாமே மோசடி என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே உணவியல் பட்டம் வாங்கியவருக்கு, பிசியோதெரபி படித்தவருக்கு, அனுபவமுள்ள பயிற்சியாளருக்கு அவற்றில் சில உதவும். ஆனால் அடித்தளமே இல்லாமல் அதில் போய் நிற்பது ஆபத்து. சிறுநீரகம் என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒரு பையனுக்குப் புரதம் கூட்டச் சொல்வது, இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் சர்க்கரை நோயுள்ள வீராங்கனைக்கு மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்வது, இதெல்லாம் அடுத்தவர் உடம்பில் நாம் செய்யும் பரிசோதனை ஆகிவிடும். முதலில் உணவியல், அதற்கு மேல்தான் விளையாட்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வரிசை என்றால் என்ன? பிளஸ் டூவில் அறிவியல் பாடம். பிறகு ஊட்டச்சத்தும் உணவியலும் அல்லது மனையியல் சார்ந்த இளங்கலை. அதில் உடலியங்கியல், உயிர்வேதியியல், உணவு வேதியியல் எல்லாம் வரும். நிறையப் பேர் சலித்துக்கொள்ளும் பாடங்கள் இவைதான், பின்னால் சோறு போடுவதும் இவைதான். அப்புறம் முதுகலை. இந்திய உணவியலாளர் சங்கம் நடத்தும் பதிவுபெற்ற உணவியலாளர் தேர்வை எழுத முதுகலைப் படிப்பும் மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். இவ்வளவும் முடித்த பிறகு விளையாட்டுப் பக்கம் திரும்பினால் கதவுகள் தானாகத் திறக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இரண்டு வருட விளையாட்டு உணவியல் டிப்ளமோவைத் தொலைதூர வழியில் நடத்துகிறது. 2021-இல் வந்த தேசிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் விளையாட்டு உணவியலாளர் என்பது பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அரசாங்கம் இதை ஒரு சுகாதாரத் தொழிலாகவே பார்க்கிறது. மூன்று மாதச் சான்றிதழை மட்டும் நம்பி வாழ்க்கையை வைப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

கேட்டரிங் படிப்பும் இதுவும் ஒன்று என்று நினைத்து ஓட்டல் மேனேஜ்மென்ட்டில் சேர்ந்துவிட்டு வருத்தப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது சமையலும் உபசரிப்பும். நல்ல தொழில்தான், ஆனால் வேறு தொழில். பையன்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சென்னையில் பெயர் பெற்ற உணவியல், மனையியல் துறைகள் பலவும் எத்திராஜ், மகளிர் கிறிஸ்துவக் கல்லூரி போன்ற மகளிர் கல்லூரிகளில் இருக்கின்றன. அதனால் பையன்கள் தேடுவதைச் சீக்கிரமே தொடங்க வேண்டும். போரூர் ராமச்சந்திரா மாதிரி இருபாலரும் படிக்கும் இடங்களையும், உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே மேலக்கோட்டையூரில் இருக்கும் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். சேருவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, படிப்பு இருக்கட்டும். படித்து முடித்தவர்கள் செய்யும் தவறு இதைவிடப் பெரியது. அதை நானே செய்திருக்கிறேன்.

முதுகலை முடித்த புதிதில் வியாசர்பாடியில் ஒரு கால்பந்துப் பையனுக்குச் சார்ட் எழுதிக் கொடுத்தேன். காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்குப் பாதாம், மதியம் பிரவுன் ரைஸும் புரோக்கோலியும், இரவு கிரில் செய்த சிக்கன். பாடப்புத்தகக் கணக்குப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. அவனுடைய அம்மா அதை முழுக்கப் படித்துவிட்டு, "ஏம்மா, இதெல்லாம் வாங்கினா வீட்ல இருக்கற மத்த நாலு பேருக்கு நான் என்ன ஆக்கிப் போடறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்துக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் படிப்பு தொடங்கியது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த வீட்டில் என்ன இருந்தது தெரியுமா? 60 கிலோ எடையுள்ள அந்தப் பையனுக்கு, தினமும் கடினமாகப் பயிற்சி எடுப்பதால், கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 96 கிராம் புரதம் தேவை. விளையாட்டு வீரர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை சொல்வது வழக்கம். மறுபடி உட்கார்ந்து வீட்டுச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டேன். நாள் முழுக்கச் சமைக்கும் அரிசியில் அவன் பங்கு 300 கிராம், அதிலேயே 24 கிராம் புரதம். இரண்டு முட்டையில் 13. காசிமேட்டில் வாங்கும் கானாங்கெளுத்தியோ மத்தியோ 150 கிராம், அதில் 28. சாம்பார்ப் பருப்பு 30 கிராமில் 7 பக்கம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. கால் லிட்டர் பாலில் 8. 40 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் அதில் 7 அல்லது 8. கூட்டிப் பார்த்தால் 95 கிராமுக்குப் பக்கம் வந்துவிட்டது. புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது கடலையும் சுண்டலும்தான். மீன் இல்லாத நாளில் பீப் வாங்குவார்கள், அதுவும் அருமையான புரதம், இரும்புச்சத்தும் அதிகம். இதை எழுதக் கூச்சப்படும் உணவியலாளர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சாப்பிடுவதைச் சார்ட்டில் எழுத நாம் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

இந்தக் கணக்கைப் போட ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை போதும். 528 உணவுப் பொருள்களுக்கு அளவு இருக்கிறது. வெளிநாட்டு ஆப்பில் ரைஸ் என்று தட்டி வருகிற எண்ணை நம்புவதைவிட இதைப் பழகுவது நல்லது.

வீட்டுச் சாப்பாடு என்பது வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் விலை ஏறும். கடலை நம்பி வாழும் வீடுகளில் வருமானமும் குறையும். கோடை முகாம்கள் நடப்பதும் அதே மாதங்களில்தான். மீனை மட்டும் நம்பி எழுதிய திட்டம் அப்போது செத்துப்போகும். முட்டை, பயறு, சோயா, கொஞ்சம் கருவாடு என்று மாற்று இருக்க வேண்டும், கருவாட்டில் உப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைக்கும் பிள்ளைக்கு "நோன்பை விட்டுடு" என்று சொல்வதற்கு நமக்கு உரிமை கிடையாது. கடினமான பயிற்சியை நோன்பு திறந்த பிறகு மாற்ற முடியுமா என்று கோச்சிடம் பேசலாம். நோன்புக் கஞ்சியும் பேரீச்சையும் நல்ல தொடக்கம், அதோடு முட்டையோ கறியோ சேர வேண்டும். விடியும் முன் சாப்பிடும் சஹர் உணவுக்கு எழுந்திருக்காமல் தூங்கிவிடும் பிள்ளைகள்தான் அதிகம் துவண்டுபோகிறார்கள்.

கேட்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. "நேத்து என்ன சாப்பிட்ட?" என்றால் "சோறு" என்பான். அதோடு நோட்டை மூடிவிடக் கூடாது. எத்தனை கரண்டி, குழம்பில் மீன் துண்டு எத்தனை, ஸ்கூல் விட்டு வரும் வழியில் என்ன, ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். குற்றம் கண்டுபிடிக்கிற குரலில் கேட்டால் பொய்தான் வரும். காலையில் ஒன்றுமே சாப்பிடாமல் மைதானத்துக்கு வருவதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள். அதற்குக் காரணம் சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்பே அம்மா வேலைக்குக் கிளம்பியிருக்கலாம். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது. எந்த நேரத்துக்குத் திறக்கிறது, மைதானத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்து வைத்திருப்பதும் நம் தொழிலில் சேர்த்திதான்.

அடுத்து வருவதைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. பவுடர் விற்பது. படித்து முடித்ததும் முதல் வருமானம் பலருக்கு இங்கிருந்துதான் வருகிறது. ஒரு டப்பாவுக்கு இவ்வளவு கமிஷன் என்று ஜிம்மிலோ கடையிலோ பேசிவிடுவார்கள். அந்தப் பணத்தை வாங்கிய பிறகு "உனக்கு இது தேவையில்லை" என்று எந்தப் பிள்ளையிடமும் நம்மால் நேர்மையாகச் சொல்ல முடியாது. ஆபத்து அதோடு நிற்கவும் இல்லை. ஊக்கமருந்து விதிகளின்படி, வீரருடைய உடலில் எது இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு. "டப்பாவில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது" என்று சொன்னால் குற்றம் நீங்கிவிடாது. சில பவுடர்களில் லேபிளில் இல்லாத கிளர்ச்சிப் பொருள்களும் ஸ்டீராய்டும் கலந்திருந்தது உலகம் முழுக்கக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருந்தால் அது உரிமம் பெற்ற உணவுப் பொருள் என்று மட்டும்தான் அர்த்தம். தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது. அதற்கு ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் தனியாகச் சோதிக்கும் சான்று முறைகள் இருக்கின்றன. அவை எவை, எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்று படிக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

விளையாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதிதாக நடைமுறைக்கு வருகிறது. போன வருடம் படித்ததை வைத்து இந்த வருடம் பேசாதீர்கள். இருமல் மருந்து, நாட்டு மருந்துக் கடைச் சூரணம் எதுவாக இருந்தாலும் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். இன்னொன்று, விதிகள் வீரரை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. பயிற்சியாளர், மருத்துவர், உணவியலாளர் எல்லாரும் வீரருக்குத் துணைநிற்பவர்கள் என்ற கணக்கில் வருவார்கள். ஒருவருக்குத் தடைசெய்யப்பட்ட பொருளைக் கொடுத்தால் நம்மீதும் தடை விழும், அது ஆயுள் தடையாகவும் இருக்கலாம். 2022-இல் இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. ஜிம்மில் "ஊசி போடலாமா அக்கா" என்று கேட்கும் பையனைத் திட்டி அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். நம்மிடம் கேட்க முடியாவிட்டால் போடுகிறவனிடமே போய்க் கேட்பான்.

எடை குறைப்பும் இப்படித்தான். குத்துச்சண்டைப் பிள்ளைகள் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது வருவார்கள். "மூணு கிலோ இறக்கணும்." தண்ணீரை நிறுத்துவது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சென்னை வெயிலில் ஓடுவது, எச்சில் துப்பிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் பழைய பழக்கம். புதிதாக வரும் உணவியலாளர் இதற்கு உடன்பட்டால் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைப்பார்கள் என்று தலையாட்டிவிடுகிறார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டி நாளில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இரவு முழுக்கப் பாடுபட்டும் முடியவில்லை. உலகத் தரமான குழு கூட இருந்தவருக்கே இந்த நிலை. உடல் எடையில் 2 சதவீதம் நீர் இழந்தாலே ஆட்டம் தளரத் தொடங்கும். 60 கிலோ பையனுக்கு அது வெறும் 1.2 கிலோ. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு பயிற்சியிலேயே அவ்வளவு போய்விடும். எடைப் பிரிவை முடிவு செய்யும் பேச்சு போட்டிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நடக்க வேண்டும். மூன்று நாள் முன்பு வந்தால் "இந்தத் தடவை மேல் பிரிவில் ஆடு" என்று சொல்லும் தைரியம் வேண்டும். வளரும் வயதுப் பிள்ளையாக இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் செய்யும் தவறு, கேட்காமலே இருப்பது. மாதவிடாய் மூன்று மாதமாக நின்றுபோயிருந்தால், "கடுமையான பயிற்சி எடுத்தால் அப்படித்தான்" என்று பெரியவர்களே சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். அது உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். எலும்பு பலவீனமாகி விரிசல் விழும் வரை போகும். மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. சோர்வாக ஓடுகிற பெண்ணுக்கு இரும்பு மாத்திரையை நாமாக எழுதிக் கொடுக்காமல், முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிப்பதைத் தள்ளிப்போடுவதும், கீரையோடு எலுமிச்சை சேர்ப்பதும் இதற்கு நடுவில் இன்றைக்கே சொல்லக்கூடியவை.

உடம்பிலுள்ள கொழுப்பை மதிப்பிடத் தோல்மடிப்பு அளக்கும் காலிப்பர் கருவியைப் படம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. உடல் அளவீட்டுக்கான சர்வதேசச் சங்கம் நடத்தும் முதல் நிலைப் பயிற்சியில் எட்டு இடங்களில் அளக்கச் சொல்லித் தருவார்கள். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தாலும் எண் மாறிவிடும், பயிற்சிக்குப் பிறகும் நிறையப் பேரை அளந்து கை பழக வேண்டும். தான் ஒரு காலத்தில் விளையாடியவர் என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைப்பதும் தவறு. விளையாடவே தெரியாமல், ஆட்டத்தை ஒருநாளும் பார்க்காமல் ஆலோசனை சொல்வதும் தவறு. கேரம் போட்டியில் நாள் முழுக்க உட்கார்ந்து ஆடுகிறவருடைய பசி வேறு, 90 நிமிடம் ஓடுகிறவருடைய பசி வேறு.

வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். முழுநேர விளையாட்டு உணவியலாளர் வேலைகள் இன்னும் குறைவுதான், அதை மறைக்கக் கூடாது. அகாடமிகள், பெரிய அணிகள், விளையாட்டு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைகள் என்று எண்ணிவிடலாம். முதல் இரண்டு மூன்று வருடம் மருத்துவமனையில் உணவியலாளராக வேலை பார்த்துக்கொண்டே, காலையிலும் சாயங்காலத்திலும் ஏதாவது ஓர் அணியோடு நில்லுங்கள். கோச்சிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், அவரைத் தாண்டிப் பிள்ளைகளிடம் நேராகப் பேசாதீர்கள். ஒரு சீசன் முழுக்கப் போங்கள். ஒரு எடை மெஷின், ஒரு நோட்டு போதும். பயிற்சிக்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை குடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். உப்புப் போட்ட மோரும் கஞ்சித் தண்ணீரும் அதில் சேரும். குழாயில் தண்ணீர் வராத நாளில் மைதானத்துக்குக் கேன் தண்ணீர் யார் கொண்டுவருவது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிட்டு வாருங்கள்.