பழைய காரில் முன்சக்கர ஆட்டம், ஸ்டீயரிங் நடுக்கம்: கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

ஸ்டீயரிங் ஆடுகிறது என்றதும் வண்டியை நேராக வீல் அலைன்மெண்ட் கடையில் கொண்டுபோய் விடுவது பலருக்கும் வழக்கம். பழைய காருக்கு அது வீண்செலவு. பால் ஜாயிண்ட்டும் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) டை ராட் எண்டும் (ஸ்டீயரிங் ராடைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) தேய்ந்த வண்டியில் மெஷின் பார்த்து வைக்கும் கோணம், கடையை விட்டு வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதுமே மாறிவிடும். ஆட்டம் எந்த ஜாயிண்ட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மாற்றிய பிறகுதான் அலைன்மெண்ட். கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், சின்னக் கடப்பாரை, டார்ச், துணைக்கு ஒரு ஆள் இருந்தால் போதும்.

மலை ஏறப்போகும் வண்டியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சேலம் பக்கம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் ஸ்டீயரிங்கைக் கிட்டத்தட்ட முழுசாக ஒடிக்க வேண்டியிருக்கும். வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் சாயும். இறங்கும்போது ப்ரேக் சூடும் சேர்ந்துகொள்ளும். சேலம் ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத ஆட்டம் மலையில் தெரிவது இதனால்தான். மேலே போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஓட்டும்போதே பாதி தெரிந்துவிடும்

பைபாஸில் 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி, வேகம் கூடினாலோ குறைந்தாலோ நின்றுவிட்டால் முதல் சந்தேகம் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது. எடையைச் சமப்படுத்த ரிம்மில் ஒட்டிய ஈயம் விழுந்திருக்கும், அல்லது ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் எஸ்டேட் மண் ரோட்டில் போய்வந்த வண்டி என்றால் முதலில் ரிம்மைக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

20, 30 கி.மீ. வேகத்திலேயே ஸ்டீயரிங் இடமும் வலமுமாக மெதுவாக அசைந்தால் டயரைப் பாருங்கள். உள்ளே பெல்ட் விட்டுப்போன டயரில் ஓரிடம் புடைத்திருக்கும், அல்லது பட்டன் (தரையில் படும் மேல்பகுதி) ஒரு பக்கமாக வளைந்து ஓடும். சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றினால் கண்ணுக்கே தெரியும். இந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைக்க வேண்டாம், வெடிக்கும்.

ப்ரேக் மிதிக்கும்போது மட்டும் நடுக்கம் வந்தால் டிஸ்க் கோளாறு. பள்ளத்தில் இறங்கியதும் நடுக்கம் தொடங்கி, வேகத்தைக் குறைக்கும் வரை நிற்காமல் இருந்தால் எங்கோ ஒரு ஜாயிண்ட் லூஸ், அல்லது ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. வேகம் கூடக்கூட 'ஊம்' என்று இரைச்சல் ஏறினால் பேரிங். இடப்பக்கம் திருப்பும்போது அந்த இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். பாரம் அந்தப் பக்கம் சாய்வதுதான் காரணம்.

தூக்குவதற்கு முன்

வீல் நட்டை முதலில் பாருங்கள். நட்டைச் சுற்றி ரிம்மில் துருநிறத்தில் கோடு ஓடியிருந்தால் அந்த நட் லூசாக இருந்து உராய்ந்திருக்கிறது. நட்டைக் கழற்றி ரிம் ஓட்டையைப் பாருங்கள். வட்டம் போய் நீள்வட்டமாகியிருந்தால் ரிம்மைத் தூக்கிப் போடுவதுதான் சரி, எவ்வளவு முறுக்கினாலும் அது நிற்காது. அலாய் வீல் போட்ட வண்டியில் பழைய ஸ்டீல் ரிம் நட்டையே போட்டிருந்தால், உட்காரும் சரிவு பொருந்தாமல் அடிக்கடி லூசாகும். காற்று 4 டயரிலும் சரியாக இருக்கட்டும்.

தூக்கிய பிறகு

சமதளம், ஹேண்ட் ப்ரேக், கியர், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். சரிவான வாசலில் இந்த வேலை வேண்டாம். ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடக்கூடாது.

கடிகாரத்தில் 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடங்களில் டயரைப் பிடியுங்கள். மேல்கை தள்ள, கீழ்க்கை இழுக்க, பிறகு மாற்றி. வேகமாகக் குலுக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கொடுத்தால்தான் 'டொக்' என்ற அந்தச் சின்ன அடி உள்ளங்கைக்குத் தெரியும். அடுத்து 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து இதையே செய்யுங்கள். இப்போது உள்ளே ஒருவர் ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்திருக்க வேண்டும்.

இரண்டு பிடியிலும் ஆட்டம் இருந்தால் பேரிங் பக்கம் சந்தேகம். 12-6-ல் மட்டும் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். 3-9-ல் மட்டும் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ராக் எண்ட் (ராடின் உள்முனையில் ஸ்டீயரிங் ராக்கோடு சேரும் மூட்டு). பேரிங்கையும் பால் ஜாயிண்ட்டையும் பிரித்தறிய எளிய வழி: உள்ளே இருப்பவரை ப்ரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் பேரிங். ப்ரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட், இல்லையென்றால் கிங் பின் (சில பழைய வண்டிகளில் பால் ஜாயிண்ட்டுக்குப் பதில் இருக்கும் தண்டு). நல்ல பால் ஜாயிண்ட்டை மாற்றிவிட்டு ஆட்டம் போகவில்லையே என்று திரும்பி வருகிற வண்டிகளில் விட்டுப்போனது இந்த ஒரு சோதனைதான்.

பேரிங் சந்தேகம் இருந்தால் காயில் ஸ்பிரிங்கில் விரல் வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பேரிங் கெட்டிருந்தால் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். டேப்பர் பேரிங் உள்ள பழைய வண்டிகளில் மிக லேசான ஆட்டம் இருப்பது இயல்பு, அதை நட்டால் சரிசெய்யலாம்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். ஆட்டமே இருக்கக் கூடாது என்று இறுக்கினால் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். சீல் செய்த பேரிங்கில் சரிசெய்ய எதுவும் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

பால் ஜாயிண்ட்டைப் பார்க்க, ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் தூண்) உள்ள வண்டியில் சக்கரம் தொங்கும்படி தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை) மேல் ஸ்பிரிங் உட்காரும் வண்டியில் ஜாக்கியை ஆர்முக்கு அடியிலேயே வைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஆட்டத்தை மறைத்துவிடும். ரப்பர் பூட் கிழிந்து உள்ளே மண் போயிருந்தால் இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த ஜாயிண்ட்டின் ஆயுள் முடிந்தது என்றே வையுங்கள்.

டை ராட் எண்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் சரியாகப் பார்க்க முடியும். ஒருவர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாக இடமும் வலமும் விடாமல் அசைக்க, நீங்கள் ஜாயிண்ட்டின் இரண்டு பக்கமும் படும்படி விரலை வைத்துப் பாருங்கள். ராடு முதலில் நகர்ந்து, ஒரு கணம் கழித்துச் சக்கரம் நகர்ந்தால் எண்ட் தேய்ந்திருக்கிறது. ராக் எண்டுக்கு பெல்லோஸ் ரப்பரோடு சேர்த்து உள்ளே இருக்கும் உருண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இதையே செய்யுங்கள். ராக் ஆடினால் அதன் திருகை இறுக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் வளைவைத் தாண்டிய பின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. கொண்டை ஊசியில் அது பெரிய ஆபத்து.

மாருதி 800-ல் மட்டும் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்திருப்பது ஸ்டெபிலைசர் பார்தான். அதன் ரப்பர் புஷ் நைந்துபோனால் ப்ரேக் மிதித்ததும் சக்கரம் பின்னால் போகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நடை வேகத்தில் ஒருவர் ப்ரேக் அடிக்க, வெளியே நின்று சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மலிவான புஷ்தான், ஆனால் கடைசியாகத்தான் யாரும் பார்க்கிறார்கள்.

மாற்றும்போது

டை ராட் எண்டைக் கழற்றுவதற்கு முன் லாக் நட் இருக்கும் இடத்தில் பெயிண்ட்டால் கோடு போட்டு, எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதியதை அதே சுற்றில் ஏற்றினால் அலைன்மெண்ட் கடை வரை வண்டி நேராக ஓடும். ஜாயிண்ட் விடவில்லை என்றால் திரட் மேல் சுத்தியால் அடிக்காதீர்கள். நக்கிள் காதின் (ஜாயிண்ட் நுழையும் ஓட்டை உள்ள இடம்) பக்கவாட்டில் அடித்தால் டேப்பர் (ஜாயிண்ட்டின் கூம்பு வடிவத் தண்டு) விடும். புது டேப்பரில் கிரீஸ் தடவக் கூடாது, உலர்ந்தே உட்கார வேண்டும்.

சக்கரத்தை மாட்டும்போது ஹப் (ரிம் உட்காரும் தட்டு) முகத்திலும் ரிம் முகத்திலும் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். நட்டைக் குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று தடவையாக, டார்க் ரெஞ்ச்சில் உங்கள் வண்டி மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் ரெஞ்ச்சால் மறுபடி ஒருமுறை பாருங்கள். அலைன்மெண்ட்டும் பேலன்சிங்கும் அதற்குப் பிறகுதான்.