'ரன்' வந்தால் உடனே ஓடாதீர்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு துணிக் கம்பெனிக்குச் சலவைக் குறிப்பு எழுதினேன். ஆங்கிலத்தில் 'கலர்ஸ் மே ரன்' என்று இருந்தது. 'நிறங்கள் ஓடலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்த அக்கா போன் போட்டு, "எந்தப் பக்கம்ப்பா ஓடும்?" என்று கேட்டார். சாயம் போகும் என்று வீட்டில் அம்மா ஆயிரம் தடவை சொன்னது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. நான் செய்வது இதுதான்: 'ரன்' என்ற சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் என்ன பெயர்ச்சொல் இருக்கிறது என்று பார்ப்பேன். மூக்கா? ஒழுகும். காய்ச்சலா? அடிக்கும். கடையா? நடத்துவோம். சர்க்கரை நோய் ஒரு குடும்பத்தில் 'ரன்' ஆகிறதா? பரம்பரையாக வரும். வீட்டில் அரிசி 'ரன் அவுட்' என்றால் தீர்ந்துவிட்டது. கிரிக்கெட்டில் மட்டும் ரன் அவுட் ரன் அவுட்தான்.

'ரன் இன்டு' கொஞ்சம் படுத்தும். கார் மரத்தில் மோதும், செலவு லட்சக்கணக்கில் ஆகும், பழைய நண்பரைக் கடைத்தெருவில் தற்செயலாகப் பார்ப்போம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அதே இரண்டு சொல்.

தேர்தல் செய்தியில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்வார், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்வார். தமிழில் இருவருமே தேர்தலில் நிற்பார்கள். ஓடுகிறார் என்று எழுதினால் டெபாசிட் போய்விடும் என்று பயந்து ஓடுவதாக அர்த்தமாகிவிடும்.

அதற்காக 'ஓடு'வை ஒதுக்கிவிடாதீர்கள். பஸ், மோட்டார், நூறு நாள் படம் எல்லாம் தமிழிலும் ஓடத்தான் செய்கின்றன. 'எனக்கு ஒண்ணும் ஓடலை' என்பதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் 'ரன்' கைவிடும்.

கம்ப்யூட்டர் கையேட்டில் ப்ரோக்ராமை 'இயக்கவும்' என்று எழுதுவேன். ஆனால் திரையில் இருக்கும் பட்டனே 'ரன்' என்று சொன்னால் அதைத் தொட மாட்டேன். படிக்கிறவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு தேடுவது அந்தச் சொல்லைத்தான்.