கிளப் டிஜே, வானொலித் தொகுப்பாளர்: இரண்டு நாற்காலிக்கும் ஆசைப்படுவோர் செய்யும் தவறுகள்

பிரிட்டனில் நடன இசை டிஜேவாகக் கிளம்பும் பலருக்குள் இன்னொரு ஆசையும் இருக்கும்: வெள்ளிக்கிழமை இரவில் பிபிசி ரேடியோ 1-இல் சொந்தமாக ஒரு நிகழ்ச்சி. நடன இசை டிஜே பீட் டாங் 1991-இல் அங்கே நுழைந்தார். ஆனி மேக் 17 ஆண்டுகள் நிகழ்ச்சி நடத்திவிட்டு 2021-இல் விலகினார். கிளப்பில் பெயர் வாங்கிவிட்டால் நம்மையும் வானொலி தானாகக் கூப்பிடும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தொழில் மாதிரித்தான் தெரியும். உள்ளே போனால் வேறு வேறு வேலைகள். ஒன்றில் பழகியதை அப்படியே மற்றதில் செய்யப்போய்த்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

டாங் பள்ளி நாட்களிலேயே டிஜே வேலை பார்த்தவர். ஆனால் அதோடு நேராக ரேடியோ 1-க்குப் போய்விடவில்லை. 'ப்ளூஸ் அண்ட் சோல்' பத்திரிகையில் வேலை செய்தார். 1983-இல் லண்டன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து புதிய கலைஞர்களைத் தேடிப் பிடித்தார். கேபிட்டல் ரேடியோவில் நிகழ்ச்சி செய்த பிறகுதான் பிபிசியின் பெரிய நாற்காலி கிடைத்தது. டப்ளினில் பிறந்த ஆனி மேக், பெல்ஃபாஸ்ட்டில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு வானொலிக்கென்றே முதுகலை முடித்து, ரேடியோ 1-இல் உதவித் தயாரிப்பாளராகத்தான் சேர்ந்தார். சொந்த நிகழ்ச்சி 2004-இல் வந்தது. ஆகவே ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுவது, ஒலிபரப்பான பாடல்களின் பட்டியலைப் பதிவது போன்ற வேலைகள் வந்தால் "நான் கலைஞன்" என்று முகம் சுளிக்காதீர்கள். வாய்ப்பு கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பது அந்த அறையில்தான்.

லண்டனில் உரிமமில்லாத நிலையங்களில் தொழில் கற்றவர்களும் உண்டு. கிஸ் எஃப்எம் 1985-இல் அப்படித்தான் தொடங்கியது. டிஜேக்கள் நார்மன் ஜே, ட்ரெவர் நெல்சன் எல்லாம் அங்கே இருந்தவர்கள். இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு இன்று அடுக்குமாடி உச்சியில் ஆன்டெனா கட்டக் கிளம்புவது வீண் வீரம். கிஸ்காரர்களே 1988 இறுதியில் ஒலிபரப்பை நிறுத்தி, உரிமம் கேட்டு ஒருமுறை தோற்று, மறுமுறை வென்று, 1990 செப்டம்பரில் சட்டப்படி திரும்பி வந்தார்கள். பிரிட்டனில் உரிமமின்றி ஒலிபரப்பித் தண்டனை பெற்றவர் 5 ஆண்டுகள் உரிமம் பெற்ற வானொலிப் பக்கமே போக முடியாது. சமூக வானொலியும் இணைய வானொலியும் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

சரி, வானொலிக்கு விண்ணப்பிக்கிறீர்கள். பலர் அனுப்புவது இரண்டு மணி நேர மிக்ஸ், அதாவது பாடல்களை இடைவெளியின்றி இணைத்த தொகுப்பு. தயாரிப்பாளருக்கு அது உதவாது. நீங்கள் பாட்டுகளை இணைப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்க விரும்புவது உங்கள் பேச்சை. பாடல்களின் நடுப்பகுதியை எல்லாம் வெட்டிவிட்டு, நீங்கள் பேசும் இடங்களை மட்டும் கோத்து மூன்று நான்கு நிமிடம் அனுப்புங்கள். முதல் அரை நிமிடத்திலேயே உங்கள் நல்ல சரக்கு இருக்கட்டும்.

பேச்சு என்றதும் கிளப் பழக்கம் எட்டிப் பார்க்கும். ஆயிரம் பேர் ஆடும் கூடத்தில் "எல்லாரும் கையைத் தூக்குங்க" என்று கத்தலாம். வானொலியைக் கேட்பவர் சமையலறையிலோ காரிலோ தனியாக இருக்கிறார். அவரைப் பார்த்து "எல்லாரும்" என்றால் யாரைச் சொல்கிறீர்கள்? ஒருவரிடம் பேசுவது போலப் பேசுங்கள். பாடகர் வாய் திறப்பதற்கு முன் உங்கள் வாயை மூடிவிடுங்கள். முக்கியமாக, பாட்டு முடிந்ததும் அதன் பெயரையும் கலைஞரின் பெயரையும் மறுபடி சொல்லுங்கள். நடுவில் வந்து சேர்ந்தவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாமல் போன கலைஞருக்கும் நஷ்டம். 1993-இல் தொடங்கிய 'எசென்ஷியல் மிக்ஸ்' மாதிரி இரண்டு மணி நேரமும் இசையே ஓடுகிற நிகழ்ச்சி வேறு வகை. அது விதிவிலக்கு. கெட்ட வார்த்தை உள்ள கிளப் பதிப்பைப் பகல் நேரத்தில் ஓடவிட்டு மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. வானொலிக்கான பதிப்பைத் தனியாக வைத்திருங்கள்.

இனி கிளப் பக்கம். என் பார்வையில் இளம் டிஜேக்கள் அதிகம் சொதப்புவது இரவின் தொடக்க நேரத்தில்தான். முக்கிய டிஜே ஒரு மணிக்கு மேடை ஏறுவார். பத்து மணிக்கு வாசிக்க வந்தவருக்கோ, தன் திறமையை இன்றே காட்டிவிட வேண்டும் என்று துடிப்பு. பாதி கூடம் காலி, மக்கள் இன்னும் கோட்டைக் கழற்றவில்லை, இவர் 130 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 130 பீட், அதாவது தாள அடி) அந்தக் கோடையின் ஹிட் பாடல்களை எல்லாம் போட்டுத் தீர்த்துவிடுவார். பின்னால் வருபவருக்கு ஏற எந்தப் படியும் மிச்சமில்லை. அமைப்பாளர் இதைக் கவனிப்பார், அடுத்த முறை கூப்பிட மாட்டார். தொடக்க நேரத்துக்கு 118, 120 போதும். குரல் குறைவான, பேஸும் தாளமும் நன்றாக நடக்கிற டிராக்குகள், ஒலியளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, கடைசிப் பாட்டை அடுத்தவர் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்படி விடுவது. அந்த இரவில் கைதட்டல் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் பெரிய டிஜேக்கள் நினைவில் வைத்துக்கொள்வது இப்படி வாசித்தவரைத்தான்.

வீட்டிலேயே வரிசை முழுவதையும் எழுதிக்கொண்டு வந்து, கூட்டத்தை நிமிர்ந்தே பார்க்காமல் வாசிப்பது இன்னொரு தவறு. கருவி இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகப் பொருத்திவிடும். ஆனால் நடன இசை பெரும்பாலும் 32 பீட் கொண்ட பகுதிகளாக நகர்வது. அந்த எல்லையில் அல்லாமல் நடுவில் நுழைத்தால் வேகம் சரியாக இருந்தும் காது உறுத்தும். மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிய வாசிப்பதும் வேண்டாம். சத்தம் அதிகமாகாது, ஒலிதான் கிழியும்.

சத்தம் என்றால் காதும்தான். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நையாஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். கிளப் ஒலி 100-ஐச் சாதாரணமாகத் தொடும். காது அளவெடுத்துச் செய்த செவியடைப்பானுக்கு ஆகும் செலவை, அடுத்த ஹெட்போன் வாங்குவதற்கு முன்பே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கிளப்பில் சொந்த லேபிளின் (இசை வெளியீட்டு நிறுவனத்தின்) பாட்டை எத்தனை முறை போட்டாலும் யாரும் தட்டிக் கேட்கப்போவதில்லை. வானொலியில் அது வேறு கதை. பாட்டைப் போடப் பணம் வாங்கும் விவகாரம் 1959-இல் அமெரிக்காவில் வெடித்தபோது, நாட்டின் மிகப் புகழ்பெற்ற வானொலி டிஜேவான ஆலன் ஃப்ரீட் வேலையை இழந்தார். லேபிளோ பங்கோ இருந்தால் முதல் நாளே நிலையத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வயது. இளமையில் வாசித்த பாடல்களிலேயே தங்கிவிடுகிறவர்களை வானொலி மெல்ல ஓரங்கட்டும். 1970-இல் ரேடியோ 1-இன் முதல் பெண் தொகுப்பாளராக வந்த ஆனி நைட்டிங்கேல், எண்பது வயது தாண்டியும் அங்கேதான் இருந்தார், புதிய நடன இசையைப் போட்டுக்கொண்டு. பழைய பாட்டை விற்கவே கூடாது என்றில்லை. டாங் 2015-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிளப்புகளுக்குப் பேர்போன ஸ்பெயின் தீவான இபிசாவின் பழைய ஹிட்களை இசைக்குழுவோடு அரங்கேற்றினார், பெரிய வெற்றி. ஆனால் வாராவாரம் புதியதைத் தேடுவதை அவர் விடவில்லை. ஆனி மேக் வேறு வழி பிடித்தார். விடியும்வரை விழித்திருக்க முடியாதவர்களுக்காக, நள்ளிரவில் முடிந்துவிடும் 'பிஃபோர் மிட்நைட்' என்ற நடன இரவுகளைத் தொடங்கினார்.

ஒரே நிகழ்ச்சியை நம்பி எல்லாவற்றையும் விடுவதுதான் மிச்சமிருக்கும் பெரிய ஆபத்து. நிலையம் அட்டவணையை மாற்றினால் அந்த நேரம் போய்விடும். கிஸ்ஸில் தொடங்கி ரேடியோ 1-இல் 15 ஆண்டுகள் இருந்த ஜட்ஜ் ஜூல்ஸ் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சட்டம் படித்தவர், 'ஜட்ஜ்' என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். 2012-இல் ரேடியோ 1-ஐ விட்டபின் டிஜே வேலையோடு வழக்கறிஞராகவும் ஆகிவிட்டார். இசைத் துறைக்காரர்களின் ஒப்பந்தங்களை அவர் இப்போது படித்துக் கொடுக்கிறார்.