பிளகின் லோட் ஆவதைக் கட்டுப்படுத்தும்போது செய்யக்கூடாதவை

ஒரு பிளகின் (லைப்ரரியோடு கூடுதலாகச் சேர்ந்து ஓடும் துணை கோட்) தொல்லை கொடுக்கிறது என்றதும் பலர் முதலில் செய்வது அதை அன்இன்ஸ்டால் செய்வது, இல்லையென்றால் எங்கோ பார்த்த என்விரான்மென்ட் வேரியபிள் (ப்ரோகிராமுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) ஒன்றை வைத்துப் பார்ப்பது. எது லோட் ஆகிறது, எந்த ஃபோல்டரிலிருந்து லோட் ஆகிறது என்று லைப்ரரியிடமே முதலில் கேட்டுவிடுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

லினக்ஸில் படங்களைக் கையாளும் ஓபன்சிவியையும், க்யூட்டி என்ற விண்டோ லைப்ரரியைப் பைதானுக்குத் தரும் பைக்யூட்டி5-ஐயும் ஒரே பைதான் ப்ரோகிராமில் இம்போர்ட் செய்துவிட்டு, எக்ஸ்சிபி பிளகின் (க்யூட்டி திரையில் விண்டோ காட்டப் பயன்படுத்துவது) இருக்கிறது ஆனால் லோட் செய்ய முடியவில்லை என்ற எரரில் முட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். உடனே எக்ஸ்சிபி தொடர்பான பேக்கேஜ்களை வரிசையாக இன்ஸ்டால் செய்ய ஆரம்பிப்பார்கள். ஆனால் அந்த எரரிலேயே ஃபோல்டர் பாதை இருக்கும், அது ஓபன்சிவிக்குள் போகும். பைதானின் இன்ஸ்டாலரான பிப் வழியாக வரும் ஓபன்சிவி தனக்கென்று க்யூட்டி பிளகின்களைக் கூடவே கொண்டுவருகிறது, இம்போர்ட் ஆகும்போதே தேடும் பாதையையும் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. ஓபன்சிவியின் விண்டோ உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதை நீக்கிவிட்டு விண்டோ வசதி இல்லாத ஹெட்லெஸ் பதிப்பைப் போடுங்கள். பழையதை நீக்காமல் மேலேயே போட்டால் இரண்டும் ஒரே ஃபோல்டரில் எழுதி இன்னும் குழப்பும்.

அடுத்தது பெயர் தவறு. பைதான் டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட்டில் ‘-பி நோ:’ என்று போட்டு ஒரு பிளகினைத் தடுக்கலாம், ஆனால் அங்கே கொடுக்க வேண்டியது பேக்கேஜின் பெயர் அல்ல, பிளகின் தன்னைப் பதிவு செய்துகொண்ட பெயர். டெஸ்ட்களின் வரிசையைக் கலைத்துப் போடும் பைடெஸ்ட்-ராண்டம்லியைத் தடுக்க வெறும் ‘ராண்டம்லி’ என்றுதான் கொடுக்க வேண்டும். முழுப் பெயரைக் கொடுத்தால் எரர் எதுவும் வராது, அதுபாட்டுக்குக் கலைத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் தடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். (இல்லாத பெயரைத் தடுக்கச் சொன்னால் ஒரு எச்சரிக்கையாவது காட்டலாம் என்பது என் எண்ணம்.) ரன் செய்யும்போது மேலே வரும் பிளகின்கள் வரியை ஒருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிர், எல்லா ஆட்டோலோடையும், அதாவது பிளகின்கள் தானாக லோட் ஆவதை, மொத்தமாக நிறுத்துவது. பைடெஸ்ட்டில் அதற்கும் ஒரு வேரியபிள் உண்டு, நல்லதுதான், ஆனால் நிறுத்திய பிறகு தேவையானவற்றை ‘-பி’ போட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் டெஸ்ட்களைப் பல ப்ராசஸ்களில் பிரித்து ஓட்டும் எக்ஸ்டிஸ்ட் பிளகினின் ‘-என்’ ஆப்ஷனைக்கூட அடையாளம் தெரியவில்லை என்று சொல்லும், அதைப் பார்த்துவிட்டு எக்ஸ்டிஸ்ட் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பாதையைத் தாமதமாகச் சொல்வதும் பொதுவான தவறு. டேட்டாவை ஃபைலில் சேமிக்கும் எச்டிஎஃப்5 தன் பிளகின் பாதையை லைப்ரரி தொடங்கும்போதே ஒரு என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து படித்துவிடுகிறது, பைதானில் அதைப் பயன்படுத்த உதவும் எச்5பை இம்போர்ட் ஆனபிறகு அந்த வேரியபிளை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. இம்போர்ட்டுக்கு மேலே வையுங்கள், அல்லது ப்ரோகிராமைத் தொடங்கும் ஷெல்லிலேயே வையுங்கள். அப்புறம் இதே எச்டிஎஃப்5-இல் இன்னொரு பொறி இருக்கிறது: டேட்டாவைச் சுருக்கும் ஃபில்டரைக் கட்டாயமில்லை என்று குறித்திருந்தால், எழுதும்போது அது வேலை செய்யாவிட்டாலும் டேட்டா சுருக்கப்படாமலேயே சத்தமில்லாமல் சேமிக்கப்படும். ஃபைல் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பிறகு தேட வேண்டியதுதான். படிக்கும்போது கதை வேறு, சுருக்கிய டேட்டாவுக்கு உரிய ஃபில்டர் கிடைக்கவில்லை என்றால் நேராக எரர்தான்.

லைப்ரரி எழுதுகிறவர்களுக்கும் கொஞ்சம். பைதானில் என்ட்ரி பாயிண்ட் (இன்ஸ்டால் ஆன பேக்கேஜ்கள் தங்கள் பிளகின்களைப் பதிவு செய்யும் குறிப்பு) பட்டியலைப் படிப்பதால் பிளகினின் கோட் ஓடாது, லோட் என்று அழைக்கும்போதுதான் ஓடும். ஆகவே பெயரைப் பார்த்து முதலில் வடிகட்டுங்கள், பிறகு லோட் செய்யுங்கள். எல்லாவற்றையும் லோட் செய்துவிட்டு வேண்டாதவற்றை ஒதுக்கினால் தடுக்கப்பட்ட பிளகினின் இம்போர்ட்டும் ஓடி முடிந்திருக்கும், தடுத்ததற்கு அர்த்தமே இல்லை. லோட் தோற்றால் எக்ஸெப்ஷனை விழுங்கிவிட்டு ‘பிளகின் இல்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள், உண்மையில் விடுபட்டது வேறு ஏதோ ஒரு சின்ன டிபென்டென்சியாக இருக்கும், பயனரோ ஏற்கெனவே இருக்கும் பிளகினைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்.

தேடும் பாதையில் புள்ளி, அதாவது இப்போதைய ஃபோல்டர், வேண்டவே வேண்டாம். பிளகின் உங்கள் ப்ராசஸுக்குள் உங்கள் அனுமதிகளோடு ஓடும் கோட். டவுன்லோட் ஃபோல்டரில் நின்றுகொண்டு ப்ரோகிராமை ஓட்டினால் அங்கே யார் போட்ட ஃபைலும் சரியான பெயரில் இருந்தால் போதும், லோட் ஆகிவிடும். முழுப் பாதையைக் கொடுங்கள், அந்த ஃபோல்டரில் யாருக்கெல்லாம் எழுதும் அனுமதி இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.