முதல் நில ஆமை: தேர்வும் பராமரிப்பும்

கடைக்காரர் உள்ளங்கையில் வைத்துக் காட்டும் சல்காட்டா ஆமைக்குஞ்சு 5 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். சகாராவின் தென்விளிம்பைத் தாயகமாகக் கொண்ட அந்த ஆமை முழுதாக வளர்ந்தால் 40 கிலோவையும் தாண்டக்கூடும். மண்ணில் ஆழமாக வளை தோண்டும். நம் பிள்ளைகளின் முதுமையிலும் உயிரோடிருக்கக்கூடும். தோட்டமோ காணியோ உள்ளவர்களுக்கே அது பொருந்தும். தென்னமெரிக்காவின் செங்கால் ஆமை பெரும்பாலும் 30 முதல் 35 சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. ஈரக்காற்றை விரும்புவதால் நம் கடலோர ஊர்களின் தட்பவெப்பமும் அதற்கு ஒத்துப்போகும். முதன்முதலாக வளர்ப்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். பால்கனி மட்டுமே உள்ள வீட்டில் எந்த நில ஆமையையும் வளர்க்காதிருப்பதே நல்லது.

நம் புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையை, அதாவது கட்டாமையை, வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதிர்ஷ்டம் வரும் என்று சொல்லி விற்பவரிடம் ஒன்றை வாங்கினால், காட்டிலிருந்து அடுத்த ஆமையைப் பிடிப்பதற்கும் நாமே பணம் கொடுத்தவர்களாகிறோம். மேற்சொன்ன அயல்நாட்டு இனங்கள் இரண்டும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை என்பதால், அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். உரிய ஆவணங்களைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

நலமான குஞ்சைக் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். கால்கள் விரலை வலுவாக உந்தித் தள்ளும். கண் வீங்கியிருந்தாலோ மூக்கோரத்தில் குமிழி கட்டினாலோ சுவாசத் தொற்று இருக்கலாம். மேலோட்டின் கட்டங்கள் சிறுசிறு கூம்புகளாக எழும்பியிருந்தால், அது போதிய ஈரமின்றியோ சரியான உணவின்றியோ வளர்ந்திருக்கும். எழும்பிய மேடு பிறகு சமமாவதில்லை.

வெயில் கண்ணாடி வழியாக வந்தால் பயனில்லை. புற ஊதா பி கதிர்கள் நேரடியாகப் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி3 உருவாகி, கால்சியம் எலும்பிலும் ஓட்டிலும் சேரும். ஆகவே காலை வெயில் விழும், ஆனால் பாதிக்கு மேல் அடர்ந்த நிழல் உள்ள மண்தரையைச் சுற்றி, நாயும் பெருச்சாளியும் நுழையாதபடி வேலியிடுங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சிறிது நேரத்திலேயே குஞ்சு வெந்துவிடும்.

செம்பருத்தியின் இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், பூசணி ஆகியவை செங்கால் ஆமைக்கு ஏற்றவை. இடையிடையே பப்பாளியும் கொய்யாவும், எப்போதாவது மண்புழுவும் தரலாம். சல்காட்டாவுக்கு அருகு முதலான புல்தான் முக்கிய உணவு. பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடலில் சேரவிடாது என்பதால் அதை அன்றாட உணவாக்க வேண்டாம். சோறும் பாலும் கூடவே கூடாது. கால்சியத்துக்காகக் கணவாய் மீனின் ஓடு ஒன்றை மூலையில் போட்டுவைத்தால் வேண்டும்போது கொறித்துக்கொள்ளும்.

குஞ்சைத் தினமும், தாடை மூழ்காத வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் விடுங்கள். கழுத்தை நீட்டி, முகத்தை நீரில் அமிழ்த்தி, தொண்டை துடிக்கத் துடிக்கக் குடிக்கும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அப்போது வெளியேறும் வெண்ணிறக் கழிவைக் கவனியுங்கள்: கூழாக இருந்தால் நலம், மணலாக நறநறத்தால் உடலில் நீர் போதவில்லை. ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை என்பதால், தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

இவ்விரு இனங்களும் குளிர்கால உறக்கம் கொள்பவை அல்ல. மார்கழியில் உணவைத் தொடாமல் ஒடுங்கிக் கிடந்தால், உறங்குகிறது என்று காத்திராமல் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்; அவர் யார் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்திருப்பது அவசியம். உங்களுக்குப் பின் அதை ஏற்பவர் யார் என்பதையும் அப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். வளர்க்க முடியாத நிலையில், புண்ணியம் என்று எண்ணிச் சிலர் கோயில் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. அது மூழ்கி இறந்துவிடும்.