கடற்பறவைக்கு உதவப் போய் நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் கடற்கரையில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்திருந்த தம்பி ஒருவர் ஈர மணலில் கிடந்த கடற்காகம் ஒன்றைப் பிடித்து மடியில் வைத்திருந்தார். அதன் அலகோரத்தில் தூண்டில் நரம்பு தொங்கியது. அதை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியும் விட்டார். "இழுக்காதீங்க தம்பி!" என்று கத்திவிட்டேன். அதேபோல நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு நான் நின்ற நாள் எனக்கு மறக்கவில்லை.

கையுறை போடுங்கள், செருப்போடு நடங்கள் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். நான் எழுத வந்தது, நல்ல மனதோடு வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளைப் பற்றி.

நரம்பை இழுப்பது, அல்லது ஒட்ட வெட்டிவிடுவது

என்னுடைய முதல் பறவையும் கடற்காகம்தான். வாயில் ஏதோ நூல் சிக்கியிருக்கிறது என்று நினைத்து இழுத்தேன். ஒரு சாண் அளவு வழுக்கிக்கொண்டு வந்தது, அப்புறம் நின்றது. பறவை கழுத்தை நீட்டி என் கைப்பக்கமாகவே வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அலகின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். சாயங்காலத்துக்குள் செத்துப்போனது. மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது, தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் தூண்டில் முள் குத்தி நின்றது. நான் இழுத்த இழுப்பில் அந்த இடம் கிழிந்திருந்தது.

முள்ளின் நுனிக்குச் சற்றுப் பின்னால், எதிர்ப்பக்கமாகச் சாய்ந்த சிறு கூர் ஒன்று இருக்கும். உள்ளே போகும்போது அது வழிவிடும். திரும்பும்போது சதையைப் பிடித்துக்கொள்ளும். முள்ளே இல்லாவிட்டாலும் நைலான் நரம்பு குடல்வரை போயிருக்கலாம். இழுத்தால் கத்தி மாதிரி அறுக்கும்.

சரி, இழுக்கவில்லை. அடுத்து எல்லோரும் செய்வது இன்னும் மோசம். கத்தரிக்கோலை எடுத்து அலகோடு ஒட்ட வெட்டி, "காப்பாற்றியாச்சு" என்று பறக்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது. இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எக்ஸ்ரேயில் இரும்பு முள் தெரியும், நரம்பு தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது, எந்த வழியாகப் போகிறது என்பதற்கு மருத்துவருக்கு இருக்கும் ஒரே பிடி வெளியே தொங்கும் அந்த நீளம்தான். அதை வெட்டிவிட்டால், பறவை வயிற்றில் முள்ளோடு எங்கோ ஒரு பாறையில் ஒதுங்கிப் பட்டினியில் சாகும். நம் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. துண்டால் தலையை மூடுங்கள். இருட்டானால் பறவை அடங்கும். இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். நரம்பு நீளமாக இழுபட்டால் ஒரு முழம் விட்டு வெட்டி, மிச்சத்தைக் காகித டேப்பால் கழுத்து இறகில் லேசாக ஒட்டுங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து நேராக மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கால்களில் சுற்றிய நரம்பு என்றால், சதைக்குள் பதியாமல் மேலாக இருந்தால் முழுவதையும் எடுத்துவிடலாம். பதிந்து வீங்கியிருந்தால் தொடாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றிருந்த இடத்தில் சதை அழுகுவது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

வாயில் தண்ணீர் ஊற்றுவது

வேண்டவே வேண்டாம். பறவையின் மூச்சுக்குழாய் நாக்கு தொடங்கும் வேரிலேயே திறக்கிறது. தண்ணீர் நுரையீரலுக்குப் போகும்.

அலகைக் கட்டுவது

கூழைக்கடாவும் நீர்க்காகமும் வாயால்தான் மூச்சு விடுகின்றன.

பாட்டிலை மட்டும் பொறுக்குவது

பாட்டில் சாக்கை நிறைக்கும், படத்திலும் நன்றாக விழும். ஆனால் பறவையின் வயிற்றுக்குள் போவது மூடி, உடைந்த சில்லு, பலூன் துணுக்கு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 51 இனங்களைச் சேர்ந்த 1,733 கடற்பறவைகளைப் பரிசோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒரு துண்டு பிளாஸ்டிக்கை விழுங்கினாலும் சாவதற்கு 20 சதவீத வாய்ப்பு. பலூன் என்றால், கெட்டிப் பிளாஸ்டிக்கைவிட 32 மடங்கு ஆபத்து. கெட்டித் துண்டு சில சமயம் வெளியே போய்விடும். பலூன் ரப்பர் கூழ் மாதிரி குழைந்து வழியை அடைத்துக்கொள்ளும். அதனால் அலை விட்டுப்போன கோட்டில் மண்டியிட்டு உட்காருங்கள். காய்ந்த கடற்பாசியைப் புரட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு கைப்பிடிதான் சேரும். அந்த இரண்டு கைப்பிடிதான் முக்கியம்.

பாசி பிடித்த துண்டை விட்டுவிடுவது

"இது பழசு, மண்ணோடு மண்ணாகிவிட்டது" என்று தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதுதான் பயம். அல்பட்ராஸ், பெட்ரல் மாதிரியான பறவைகள் நடுக்கடலில் இரையை மோந்தும் கண்டுபிடிக்கின்றன. நுண்பாசியைக் கூனிப்பொடி போன்ற உயிர்கள் மேயும்போது டைமெத்தில் சல்பைடு என்ற வாயு வரும். அந்த வாசம் இருந்தால் அங்கே இரை இருக்கிறது என்று பறவைக்குத் தெரியும். கடலில் கொஞ்ச நாள் மிதந்து பாசி படிந்த பிளாஸ்டிக்கிலிருந்தும் அதே வாசம் வருகிறது என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். பறவை அறிவில்லாமல் தின்னவில்லை. காலம் காலமாக ஏமாற்றாத மூக்கை நம்பித் தின்கிறது. பசிபிக் கடலின் மிட்வே தீவில் அல்பட்ராஸ் தாய்ப் பறவைகள் அப்படிப் பொறுக்கிய மூடியையும் சிகரெட் லைட்டரையும் கொண்டுவந்து குஞ்சின் வாயில் ஊட்டுகின்றன.

வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தால் அதுதான் கொன்றது என்று எழுதிவிடுவது

அடைப்பு இருக்கிறதா, நெஞ்சுச் சதை வற்றியிருக்கிறதா என்று பார்க்காமல் சொல்லக் கூடாது. அடைப்பு இல்லையென்றால் கேடே இல்லை என்பதும் தப்பு. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹௌ தீவில் வாழும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகளின் இரைப்பைச் சுவர் பிளாஸ்டிக் உரசி உரசித் தழும்பேறிக் கிடப்பதை 2023இல் விவரித்து, அதற்கு 'பிளாஸ்டிகோசிஸ்' என்று நோய்ப் பெயரே வைத்தார்கள்.

சாக்கைக் கட்டாமல் வைப்பது

காற்று ஒன்று போதும், பொறுக்கியதெல்லாம் திரும்பக் கடலுக்கு.

சீக்கிரம் விட்டுவிட அவசரப்படுவது

அந்தத் தம்பி தினமும் எனக்குப் போன் செய்து, "எப்போ விடுவாங்க?" என்று கேட்கிறார். முள்ளை எடுத்தாகிவிட்டது. நேற்று தொட்டியில் விட்டுப் பார்த்தபோது பத்து நிமிடத்தில் வயிற்று இறகு நனைந்து, பறவை கரையேறப் பார்த்தது. இறகைத் தானே கோதிச் சரிசெய்து, நனையாமல் மிதக்கிற வரைக்கும் அது பெட்டியில்தான் இருக்கும்.